மனத்தைத் தாக்கும் அட்டைகள்: மந்திரமா, கணக்கா?

பிள்ளையின் பள்ளிப் பையில் ஓர் அட்டைக்கட்டு. பயமுறுத்தும் படங்கள். ஓர் அட்டையின் பெயர் ‘மைண்ட் ராட்’, அதாவது மனம் அழுகுதல். சூனியமோ ஏவலோ என்று பெற்றோர் பதறுவது இயல்புதான்.

அந்த அட்டை செய்யும் வேலை ஒன்றே ஒன்று: எதிராளி தம் கையிலுள்ள 2 அட்டைகளைக் கைவிட வேண்டும்.

அது ‘மேஜிக்: தி கேதரிங்’ விளையாட்டைச் சேர்ந்தது. கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய இவ்விளையாட்டு 1993இல் வெளிவந்தது. இதில் ஆட்டக்காரர் ஒரு மந்திரவாதி. தொடக்கத்தில் கையில் எடுக்கும் 7 அட்டைகள் அவர் நினைவில் நிற்கும் மந்திரங்கள். மீதிக் கட்டுக்கு ‘லைப்ரரி’ என்று பெயர். அது அவர் கற்ற கல்வி. எனவே மனத்தைத் தாக்குவது என்றால் அட்டைகளை இழக்கச் செய்வது. ‘மைண்ட் ஸ்கல்ப்ட்’ எதிராளியின் கட்டிலிருந்து 7 அட்டைகளைக் கழித்துவிடும். கட்டு தீர்ந்த பிறகும் அட்டை எடுக்க வேண்டி வந்தால், அவர் தோற்றார்.

1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கதை சொல்லி ஆடும் விளையாட்டு. அதில் ‘மைண்ட் ஃபிளேயர்’ என்ற உயிரினம் உண்டு; ஆக்டோபஸ் போன்ற தலை. 2014ஆம் ஆண்டு விதிப்படி, அது மனத்தைத் தாக்கும்போது ஆட்டக்காரர் 20 முகப் பகடையை உருட்டி, தம் பாத்திரத்தின் அறிவுத்திறனுக்குரிய திருத்த எண்ணையும் சேர்த்து 15ஐ எட்ட வேண்டும். தவறினால் அந்தப் பாத்திரம் காயப்பட்டு, செயலற்று நிற்கும். வாள் வலிமை அங்கே உதவாது. அடுத்தடுத்த சுற்றுகளில் மீண்டும் உருட்டி மீளலாம்.

1980களில் அமெரிக்காவிலும் சிலர் இதைப் பேய் வழிபாடு என்று குற்றஞ்சாட்டினர். விதிப்புத்தகத்தில் இருப்பதோ பகடையும் கூட்டல் கழித்தலும்தான்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறு. தன் பாத்திரத்தின் மனம் பிறர் வசமாகும்போது சில பிள்ளைகள் உண்மையாகவே கலங்கலாம். எந்தக் காட்சிகள் வேண்டாம் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்வதும், ஒருவர் போதும் என்றால் உடனே நிறுத்துவதும் நல்ல குழுக்களின் வழக்கம்.

அட்டைக்கட்டைப் பறிப்பதற்கு முன், ஓர் அட்டையைப் படித்து விளக்கச் சொல்லிப் பிள்ளையிடம் கேட்கலாம். பயம் தெளிவதோடு, பிள்ளையின் கணக்கும் வாசிப்பும் எப்படி என்பதும் தெரிந்துவிடும்.