சத்தியம் வாங்கினால் குடி நின்றுவிடுமா?

(வானொலியில் நாம் வழங்கிய மறையுரை, பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சில் தரப்படுகிறது.)



இங்கே குமணன்சாவடியில் நம்மைத் தேடி வருகிற தாய்மாரும் மனைவியரும் அடிக்கடி கேட்கிற உதவி ஒன்று உண்டு. "ஃபாதர், இவரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். பைபிள் மேல கை வெச்சு, இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொல்லுங்க." பின்னால் அந்த மனிதர் தலையைக் குனிந்தபடி நிற்பார். முன்பெல்லாம் நாமும் மறுபேச்சின்றிச் சத்தியம் வாங்கி, தலையில் கைவைத்து செபித்து அனுப்பிவிடுவோம். இப்போது அப்படிச் செய்வதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், ஒரு கொத்தனார் தவக்காலத் தொடக்கத்தில் நம்மிடம் வந்தார். இருபது ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர். காலையில் எழுந்ததும் கொஞ்சம் உள்ளே போனால்தான் கரண்டி பிடிக்கக் கை நிற்கும் என்ற நிலை. பீடத்தின் முன் முழந்தாளிட்டு அழுதார். சத்தியம் செய்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டு, "விசுவாசம் இருந்தால் போதும், மருந்து மாத்திரை எதுவும் வேண்டாம்" என்று நாம்தான் சொல்லி அனுப்பினோம்.

மூன்றாம் நாள் இரவு அவருடைய மனைவி ஓடிவந்தார். கணவர் வியர்த்து நடுங்குகிறாராம். சுவரில் பாம்பு ஊர்கிறது என்கிறாராம், இல்லாத ஆளோடு பேசுகிறாராம். "பேய் புடிச்சிருக்கு ஃபாதர், வந்து மந்திரிச்சு விடுங்க." நாமும் தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு போனோம். பக்கத்து வீட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு சகோதரி எட்டிப் பார்த்து, "ஃபாதர், இது பேய் இல்ல, திடீர்னு குடிய நிறுத்தினதால வந்தது. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றார். ஆட்டோவில் போகும்போதே வலிப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். அந்தச் சகோதரி வராமல் இருந்திருந்தால், செபம் சொல்லிக்கொண்டே ஒரு குடும்பத் தலைவரைச் சாகவிட்ட பாவம் நம்மைச் சேர்ந்திருக்கும்.

அதன் பிறகுதான் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மது மூளையை மந்தமாக்கும் பொருள். ஆண்டுக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை, அந்த மந்தத்தை ஈடுகட்ட எப்போதும் முறுக்கேறிய நிலையிலேயே வேலை செய்யப் பழகிவிடுகிறது. ஒரே நாளில் மதுவை நிறுத்தினால் மந்தம் போய்விடும், முறுக்கு மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாள்களில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம். மருத்துவமனையில் சில நாள்கள் வைத்து, மாத்திரைகளும் வைட்டமின் பி1-உம் கொடுத்து, பாதுகாப்பாக இறக்குவார்கள். ஆகவே, நெடுங்காலமாகத் தினமும் குடிப்பவரை வீட்டில் அடைத்துவைத்து நிறுத்தச் சொல்லாதீர்கள். தியான இல்லத்துக்கு அழைத்துப் போகும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க மருந்து கிடைக்கும் என்று சுவரொட்டி பார்த்திருப்பீர்கள். அதை வாங்கவே வேண்டாம். குடியோடு சேர்ந்தால் உடலைப் புரட்டிப்போடும் மருந்துகள் உண்டு. அவற்றை நோயாளியின் சம்மதத்தோடு, மருத்துவரின் கண்காணிப்பில்தான் கொடுக்கவேண்டும். தெரியாமல் கலந்தால் அது நஞ்சு கொடுப்பதற்குச் சமம்.

அப்படியானால் எல்லாவற்றையும் மருத்துவரே செய்துவிடுவாரா? விசுவாசத்துக்கு இங்கே வேலை இல்லையா? உண்டு. உடம்பிலிருந்து மது இறங்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் பிறகு அந்த மனிதர் இதே தெருவுக்குத்தான் திரும்பி வருகிறார். 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடையும் நடத்துகிறது. கடை அங்கேயேதான் இருக்கும், கூட்டாளிகளும் இருப்பார்கள், சனிக்கிழமை கூலியும் கைக்கு வரும். விசுவாசத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்தார்கள். ஒருவர் பங்குச்சந்தைத் தரகர் பில் வில்சன், மற்றவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். தனியாக எத்தனையோ முறை சத்தியம் செய்து தோற்றவர்கள், ஒருவருக்கொருவர் துணை நின்றபோது குடிக்காமல் இருக்க முடிவதைக் கண்டார்கள். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஏ.ஏ. என்ற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அப்படித்தான் பிறந்தது. அவர்களுடைய 12 படிகளில் முதல் படி, 'குடியின் முன் எனக்குச் சக்தி இல்லை' என்று ஒப்புக்கொள்வது. "மனசு வெச்சா முடியாதா?" என்று நாம் திட்டுகிறோமே, அதற்கு நேர் எதிரான இடத்தில் தொடங்குகிறார்கள். விரும்பும் நன்மையைச் செய்ய முடியாமல், வெறுக்கும் தீமையையே செய்துவிடுகிறேன் என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதியதும் இதே நிலையைத்தான். அடுத்த படிகளில் கடவுளிடம் தன்னை ஒப்படைக்கிறார்கள். பிறகு தன் குற்றங்களை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்கிறார்கள், இழப்பு உண்டாக்கியவர்களுக்கு ஈடு செய்கிறார்கள். ஒப்புரவு அருளடையாளத்தை அறிந்த நமக்கு இது புதிதல்ல. இது வேறு சபையோ என்று சிலர் பயப்படுகிறார்கள். ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்தது அல்ல. சென்னையில் நம் ஆலய வளாகங்களிலேயே அதன் கூட்டங்கள் நடக்கின்றன.

அந்தத் தொடக்க நாள்களில் ஒரு அருள்சகோதரிக்கும் பங்கு உண்டு. ஆக்ரனில் புனித தோமா மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர் சகோதரி இக்னேஷியா. குடிகாரர்களுக்கு எந்த மருத்துவமனையும் படுக்கை கொடுக்காத காலம் அது. 1939-இல் மருத்துவர் பாப் கேட்டுக்கொண்டபோது, வயிற்று நோய் என்று ஏட்டில் எழுதி ஒரு குடிநோயாளியைச் சேர்த்துக்கொண்டார். (இதைப் பொய் என்று கணக்கு வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.) பிற்பாடு, குணமாகி வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும் இயேசுவின் திரு இருதய அடையாளச் சின்னம் ஒன்றைக் கொடுத்து, "மறுபடி குடிக்க நினைத்தால், குடிக்கும் முன் இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்" என்பாராம். 'இனி வாழ்நாள் முழுதும் குடிக்க மாட்டேன்' என்ற சத்தியத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சத்தியம் உடைந்தால் அந்த மனிதர் சாமியார் முகத்தில் விழிக்கவே வெட்கப்பட்டு ஓடுவார், கோயில் பக்கமே வரமாட்டார். இந்தச் சின்னமோ, விழப்போகும் நேரத்தில் அவரைத் திரும்ப வரச் சொல்கிறது.

விழுந்து விழுந்து எழுபவர்களுக்கு நாம் பரிந்துரைக்கும் புனிதர் ஒருவர் இருக்கிறார். சீன நாட்டைச் சேர்ந்த மாற்கு ஜி தியான்சியாங். ஊர் மதித்த மருத்துவர். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். தன் வயிற்று நோய்க்கு அபினி எடுத்துக்கொண்டு, அதற்கே அடிமையானார். ஒப்புரவுக்குப் போவார், அழுவார், மறுபடி விழுவார். உண்மையாகத் திருந்தும் எண்ணம் இவருக்கு இல்லை என்று கருதி, பாவமன்னிப்பு மறுக்கப்பட்டது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் நற்கருணை இல்லை. அத்தனை ஆண்டுகளும் அவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. அபினியும் அவரை விடவில்லை. 1900-இல் பாக்ஸர் கலகத்தில் குடும்பத்தோடு பிடிபட்டபோது விசுவாசத்தை மறுதலிக்க மறுத்தார். தம் வீட்டார் யாரும் தனியே சாகக் கூடாது என்று, தம்மைக் கடைசியாகக் கொல்லும்படி கேட்டுக்கொண்டார். 2000 அக்டோபர் 1 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். ஆழ வேரூன்றிய பழக்கம் ஒருவரின் குற்றப்பொறுப்பைக் குறைக்கலாம் என்று இன்று நம் திருஅவையின் மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. அன்று அவரிடம் அதைச் சொல்ல யாரும் இல்லை.

இனி குடும்பத்தாருக்கு. நால்வர் கூரையைப் பிரித்து முடக்குவாதமுற்றவரை இறக்கியபோது, இயேசு பார்த்தது 'அவர்களுடைய' நம்பிக்கையை என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவருக்கு நம்பிக்கை இருந்ததா என்று அங்கே கேள்வியே இல்லை. நம் சென்னையிலேயே சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் குடிநோய்க்குக் கணவரை இழந்தார். அந்தத் துயரத்தோடு ஒதுங்கிவிடாமல் 1980-இல் டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாற்றுப் பக்கம் டி.டி.கே. மருத்துவமனை என்றால் எல்லாருக்கும் தெரியும். அங்கே நோயாளிக்கு மட்டுமல்லாமல் குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற குழுவும் இருக்கிறது. அடி வாங்கிக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருப்பது சிலுவை சுமப்பது ஆகாது, சகோதரிகளே. பாதுகாப்பான இடத்துக்குப் பிள்ளைகளோடு போய்விடுவது பாவம் அல்ல.

பங்கு மக்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்குத் திருமுழுக்கு என்று கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, மாலையில் மாடியில் பாட்டில் திறக்கிறோம். அடக்கச் சடங்கு முடிந்த வீட்டிலும் இதேதான். நேற்றுக் குடியை நிறுத்திய நம் சகோதரர் அந்த மாடியில் எங்கே போய் உட்காருவார்? வேளாங்கண்ணிக்கு மாலை போட்டு நடந்து போகிறவர்கள், மாலையைக் கழற்றிய இரவே கடைக்குப் போவதற்காகவா மாதாவிடம் நோன்பு இருந்தார்கள்?

இரு வடிவங்களிலும் நற்கருணை வழங்கும் நாள்களில், குடியை விட்டவர்கள் அப்ப வடிவில் மட்டும் பெற்றுக்கொண்டால் போதும். கிறிஸ்து அதிலேயே முழுமையாக இருக்கிறார். கிண்ணத்தைத் தாண்டிப் போவதற்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

அரசின் இலவசத் தொலைபேசி எண் 14446. போதைப் பழக்கத்திலிருந்து மீள வழி கேட்பவர்கள் அதில் பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. தனியாகப் போகத் தயங்குபவர்கள் ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் நம் அறைக்கு வரலாம். சத்தியம் கேட்கமாட்டோம். மருத்துவமனைக்குக் கூடவே வருவோம். அந்தக் கொத்தனாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.