கிளையன்ட்கிட்ட 'அந்த' விஷயத்தை எப்படிச் சொல்றது?

நீங்க ஒரு கரியர் கோச். உங்க கிளையன்ட் ஆறு மாசமா வேலை தேடுறார். நாலு கம்பெனியில் ஃபைனல் ரவுண்டு வரை போய்த் திரும்பிட்டார். "என் இங்கிலீஷ்தாங்க பிரச்னை" என்கிறார். நீங்க எடுத்த மாக் இன்டர்வியூவில் இங்கிலீஷ் நல்லாவே இருந்தது. ஆனா, கேள்வி முடியுறதுக்குள்ள குறுக்கே புகுந்து பேசுறார். அடுத்த வாரம் ஐந்தாவது இன்டர்வியூ. சொல்வீங்களா?

பல கோச்சுகள் தடுமாறுற இடம் இது. ஃபீஸ் கொடுக்கிறவர் முகம் சுளிச்சா அடுத்த செஷனுக்கு வர மாட்டாரோங்கிற பயம். "சூப்பரா பண்றீங்க, இன்னும் கொஞ்சம் கான்ஃபிடன்ஸ் வேணும்" என்று மழுப்பிடுவாங்க. அவரும் ஐந்தாவது இன்டர்வியூவில் அதையேதான் செய்வார்.

அதுக்காகப் பட்டுனு போட்டு உடைச்சாலும் வேலைக்கு ஆகாது. க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-ல் ஃபீட்பேக் பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முடிவுகளில், ஃபீட்பேக்குக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது! கவனம் செய்யும் வேலையிலிருந்து 'நான் எப்படிப்பட்ட ஆள்' என்ற பக்கம் திரும்பினால் பலன் குறையும் என்பது அவர்கள் விளக்கம். "உங்களுக்குப் பொறுமையே இல்ல" என்று சொன்னால், அவர் தன் பொறுமைக்குச் சாட்சி தேட ஆரம்பிச்சிடுவார்.

சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமெரிக்க அமைப்பின் எஸ்.பி.ஐ முறை இதுக்குக் கைகொடுக்கும். எந்தச் சூழலில், என்ன செய்தார், அதன் விளைவு என்ன... இவ்வளவுதான். "நான் கவனிச்ச ஒண்ணைச் சொல்லலாமா? நேத்து மாக் இன்டர்வியூல, மூணு கேள்விக்கு நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்ல ஆரம்பிச்சீங்க. கேட்க வந்ததையே நான் பாதியில விட்டுட்டேன்." சொல்லிட்டு அமைதியா இருங்க. ரெக்கார்டிங் இருந்தா, அந்த இடத்தை அவரையே பார்க்கச் சொல்லுங்க.

ரெண்டு பாராட்டுக்கு நடுவுல குறையை ஒளிச்சு வைக்கிற 'சாண்ட்விச்' டெக்னிக் எனக்குப் பிடிக்கிறதில்ல. பாராட்டை மட்டும் வாங்கிக்கிட்டுக் கிளம்புறவங்கதான் அதிகம். வாட்ஸ்அப்பில் அனுப்புறது அதைவிட மோசம். ப்ளூ டிக் விழுந்தும் பதில் வராத ராத்திரி, ரெண்டு பேருக்குமே கொடுமை!

கோபப்பட்டா? படட்டும். "ஐயோ, நான் அப்படிச் சொல்ல வரல" என்று பின்வாங்காதீங்க. அவர் பேசி முடிக்கிற வரை கேளுங்க. பிறகு, கேள்வி முடிஞ்சு ரெண்டு செகண்ட் விட்டுப் பதில் சொல்ற ப்ராக்டிஸை அதே செஷன்ல ஆரம்பிச்சிடுங்க. அடுத்த வாரம் இன்டர்வியூ இருக்கே!