கண்ணில் மண்ணைத் தூவுதல்

தேடி வருபவரை ஏமாற்றித் தப்புவதைத் தமிழில் ‘கண்ணில் மண்ணைத் தூவுதல்’ என்பர். ஆங்கிலேயர் இதனை, வேட்டைநாய் மோப்பத்தைத் தவறவிடச் செய்தல் என்னும் பொருள்பட வழங்குவர்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் உள்ள ஊர் நெய்யாற்றின்கரை. அங்குள்ள கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்னும் பழைய பலாமரத்தின் அடிமரம் பாதுகாக்கப்படுகிறது. எட்டுவீட்டில் பிள்ளைமாரின் ஆட்கள் கொல்லத் துரத்தியபோது, இளவரசர் மார்த்தாண்ட வர்மர், சிறுவன் ஒருவன் காட்டிய அம்மரப் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது செவிவழிக் கதை. பின்னர் 1729இல் அவர் மன்னரானார்.

இளவரசர் பகைவரின் கண்ணில் மண்ணைத் தூவினார் என இக்கதையைச் சுருக்கிக் கூறலாம். ஆனால், அவர் ஒரு பிடி மண்ணையும் கையில் எடுக்கவில்லை. இவ்வாறு நேர்ப்பொருளை விடுத்து வேறு பொருள் உணர்த்துவதே மரபுத்தொடர்.