மூக்கு போடும் கோலம்

2021-ல் எனக்குக் கொரோனா வந்து போன சமயம். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் கசிந்துகொண்டிருக்கிறது. பக்கத்திலேயே நிற்கிறேன், நாற்றமே தெரியவில்லை! "என்னம்மா, மூக்கு அடைச்சுப் போச்சா?" என்று மகள் ஓடிவந்து மூடினாள். பகீரென்றது.

அப்புறம்தான் மூக்கைப் பற்றிப் படித்தேன். மூக்கின் உச்சியில் வாசனையை அறியும் ஏற்பிகள் சுமார் 400 வகை உண்டு. இவற்றுக்கான மரபணுக்களை 1991-ல் கண்டறிந்து சொன்ன லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வாசனைக்கு ஒரு ஏற்பி என்ற கணக்கில்லை. மல்லிகைக்குச் சில, காபிக்கு வேறு சில என்று பல சேர்ந்து விழித்துக்கொள்ளும். புள்ளிகள் அதேதான், இணைக்கிற விதத்தில் கோலம் மாறுகிறதல்லவா? அந்த மாதிரிதான்! கோலத்தைப் பார்த்து மூளை 'இது காபி' என்கிறது.

கசிவு தெரியட்டும் என்றுதான் கேஸில் நாற்றமடிக்கும் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். அந்தக் கோலம் என் மூக்கில் விழவே இல்லை.

டாக்டர் சொன்னபடி கிராம்பு, எலுமிச்சை என்று தினம் இருவேளை முகர்ந்து பழகினேன். மூன்று மாதம் கழித்து, ரசத்தில் பெருங்காயம் மணத்தது!

சகோதரிகளே, வாசனை தெரியாவிட்டால் ஜலதோஷம்தானே என்று இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள், சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மறக்காமல் மூடுங்கள்.