நாளைய நமக்கு ஒரு கடிதம்

2024-ஆம் ஆண்டு போகிக்கு முந்தைய நாள், கழிக்க வேண்டிய பழைய தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, சான்றிதழ்கள் வைத்திருந்த கோப்புக்குள்ளிருந்து நீலநிற இன்லேண்ட் கடிதம் ஒன்று விழுந்தது. அனுப்புநர் இடத்தில் என் பெயர். பெறுநர் இடத்திலும் என் பெயர். மேலே சிவப்பு மையில், '2024 ஜனவரியில் பிரிக்கவும்' என்று எழுதியிருந்தேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியர் பயிற்சி முகாமில் எழுதியது அது. பத்தாண்டு கழித்து வாழப்போகும் உங்களுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள், பக்கம் நிரம்ப வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னார். பலரைப்போல நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். பிறகு மறந்துவிட்டேன்.

கடிதத்தில் மூன்று இலக்குகள் இருந்தன. நாள்தோறும் நடைப்பயிற்சி செய்ய வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். அம்மாவைத் தாமிரவருணிக் கரையிலுள்ள அவர் பிறந்த ஊருக்கு ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டும். மூன்றாவதன் கீழே இப்படி எழுதியிருந்தேன்: 'மூன்று மாதமாகக் கேட்கிறார். விடைத்தாள் திருத்தும் பணி முடிந்ததும் போக வேண்டும்.'

அம்மா 2019-இல் காலமானார். அந்த ஊருக்கு நாங்கள் போகவே இல்லை. காரியத்துக்கு வந்த உறவினர்களிடம், "கடைசிக் காலத்தில் ஆசைப்பட்டார், முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் எப்படி அழைத்துப்போவது?" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் பொய் சொல்லவில்லை. அதையே உண்மையென்று நம்பியிருந்தேன். ஆனால், அதே கடிதத்தின் இன்னொரு பத்தியில், 'அம்மா தினமும் காலையில் பெருமாள் கோயில்வரை நடந்துபோய்த் திரும்புகிறார்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. முழங்கால் வலி வந்தது 2016-இல். எனக்குக் கிடைத்த இரண்டு கோடை விடுமுறைகளை என் நினைவு தானாகவே அழித்துவிட்டிருந்தது.

எதிர்காலத்துக்கு எழுதும் கடிதத்தின் பயன் என்னவென்று எனக்கு விளங்கியது அந்த நிமிடத்தில்தான். அது இலக்குகளை நினைவூட்டும் பட்டியல் மட்டுமன்று. நம் நினைவால் திருத்த முடியாத ஒரு சாட்சி.

நினைவு ஒரு பதிவேடு அன்று என்பதை உளவியலாளர்கள் பலவாறாக நிறுவியுள்ளனர். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் பயணம் மேற்கொள்வதற்கு முன், அப்பயணங்களில் என்னென்ன நடக்கக்கூடும் என்று இஸ்ரேலிய மாணவர்களிடம் ரூத் பெய்த், பரூக் ஃபிஷ்ஹாஃப் ஆகிய ஆய்வாளர்கள் கேட்டுப் பதிவு செய்தனர். பயணங்கள் முடிந்தபின், 'நீங்கள் முன்பு என்ன கணித்தீர்கள்?' என்று அவர்களிடமே மீண்டும் கேட்டனர். நடந்துவிட்ட நிகழ்வுகளுக்குத் தாங்கள் முன்பே கூடுதல் வாய்ப்பு அளித்திருந்ததாகத்தான் மாணவர்கள் நினைவுகூர்ந்தனர். 1975-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது இதுதான்: முடிவு தெரிந்ததும், 'எனக்கு அப்போதே தெரியும்' என்று மனம் தன் பழைய கணிப்பையே மாற்றிக்கொள்கிறது. தவறு தெரியாவிட்டால் பாடமும் இல்லை. அன்றைய எண்ணத்தை அன்றே எழுதிவைத்தால் மட்டுமே இந்த மயக்கத்திலிருந்து தப்ப இயலும்.

சரி, நான் ஏன் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போட்டேன்? வேலை மிகுதி என்பது பாதி விடைதான். மே மாதத்தில் வாழப்போகும் 'நான்' ஓய்வாக இருப்பேன், அவன் பார்த்துக்கொள்வான் என்று ஜனவரியில் வாழ்ந்த 'நான்' நம்பியதே மீதி விடை. எதிர்கால நமக்கும் இன்றைய நமக்கும் உள்ள உறவு எவ்வளவு நெருக்கமானது என்ற கேள்வியைத் தத்துவ அறிஞர் டெரக் பார்ஃபிட் 1984-இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுப்பினார். அதைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட். மூளையின் செயல்பாட்டைப் படமெடுத்துப் பார்த்தபோது, பலர் தங்கள் எதிர்கால உருவைப் பற்றிச் சிந்திக்கையில், ஏறக்குறைய ஓர் அந்நியரைப் பற்றிச் சிந்திப்பதுபோலவே மூளை இயங்குவதை அவரும் சக ஆய்வாளர்களும் 2009-இல் கண்டனர். 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வில், முதுமையடைந்த தம் முகத்தைக் கணினி வழியே பார்த்தவர்கள் ஓய்வுக்காலச் சேமிப்புக்கு அதிகத் தொகையை ஒதுக்கினர். முகம் தெரியாதவருக்குச் சேமிக்க மனம் வராது, தெரிந்தவருக்கு வரும். கடிதம் எழுதுவதும் இத்தகைய அறிமுகம்தான். ஒருவரை விளித்து எழுதத் தொடங்கிவிட்டால், அவர் எந்த வீட்டில் இருப்பார், அவரோடு யார் இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள் என்றெல்லாம் எண்ணாமல் இருக்க முடியாது.

நாட்குறிப்புக்கும் இதற்குமான வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. நாட்குறிப்பு நடந்ததைச் சொல்லும். அதற்குப் பெறுநர் இல்லை. கடிதத்துக்குப் பெறுநர் உண்டு. அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

இலக்குகளை எழுதிவைத்தாலே போதும், நிறைவேறிவிடும் என்று தன்முன்னேற்ற மேடைகளில் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. 1953-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களில் 3 சதவீதத்தினர் மட்டுமே தங்கள் இலக்குகளை எழுதிவைத்திருந்தார்களாம். 20 ஆண்டுகள் கழித்து அவர்களின் செல்வம் மற்ற 97 சதவீதத்தினரின் மொத்தச் செல்வத்தையும் விஞ்சிவிட்டதாம். நானே வகுப்பறையில் இதைச் சொல்லியிருக்கிறேன். அப்படியோர் ஆய்வு நடைபெறவே இல்லை என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். தேடிப் பார்த்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்திலும் அதற்கான தடயம் கிடைக்கவில்லை.

மெய்யான ஆய்வுகள் சொல்வது வேறு. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவருடைய சக ஆய்வாளரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது ஒரு சிறிய அறிக்கையை எழுதி அனுப்பும் பணி மாணவர்களுக்குத் தரப்பட்டது. எப்போது, எந்த இடத்தில் அமர்ந்து எழுதப்போகிறோம் என்பதை முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் உரிய காலத்துக்குள் முடித்தனர்; அவ்வாறு குறிக்காதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே முடித்தனர். இரு சாராருக்கும் விருப்பம் இருந்தது. ஒரு சாராரிடம் மட்டுமே நாளும் இடமும் இருந்தன.

என் கடிதத்தில் இருந்தது 'விடைத்தாள் திருத்தும் பணி முடிந்ததும்' என்ற சொற்றொடர். அதில் தேதி இல்லை. முன்பதிவு செய்த பயணச்சீட்டு இல்லை. தடை வந்தால் என்ன செய்வது என்ற குறிப்பும் இல்லை. காலம் தாழ்த்துதலையும் மறதியையும் சோம்பலையும் தூக்கத்தையும், கெடப்போகிறவர் விரும்பி ஏறும் கலம் என்கிறார் வள்ளுவர், 'மடியின்மை' அதிகாரத்தில். அவற்றுள் முதலிரண்டும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. தள்ளிப்போட்டதை மறக்கிறோம், மறந்ததால் மீண்டும் தள்ளிப்போடுகிறோம்.

நேரத்தைக் கணிப்பதிலும் நாம் தேர்ந்தவர்கள் அல்லர். கனடாவில் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டபோது, சராசரியாக 34 நாள் என்றனர். எல்லாமே தவறாக நடந்தால்? ஏறத்தாழ 49 நாள் என்றனர். உண்மையில் ஆனதோ சுமார் 55 நாள். 1994-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபின், என் பணிகளுக்கு நான் எழுதும் எந்தக் காலக்கெடுவையும் ஒன்றரை மடங்காக்கியே எழுதுகிறேன்.

ஆனால், நிறைவேறாத இலக்குகள் அனைத்தும் தோல்விகள் அல்ல. என் இரண்டாவது இலக்கான முனைவர் பட்டமும் நிறைவேறவில்லை. அதற்காக இன்று எனக்கு வருத்தமே இல்லை. கடிதத்தில் அதற்கு நான் எழுதியிருந்த காரணம், 'என்னைவிட இளையவருக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது' என்பது. அந்தக் காரணம் என்றோ உதிர்ந்துவிட்டது. 19,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, கடந்த பத்தாண்டுகளில் தாங்கள் பெரிதும் மாறிவிட்டதாக ஒப்புக்கொள்பவர்கள், அடுத்த பத்தாண்டுகளில் அவ்வளவு மாறமாட்டோம் என்று எல்லா வயதிலும் நினைப்பதைக் காட்டியது. எனவே, நாளைய நமக்கு எழுதும் கடிதம் ஆணையாக இருத்தல் ஆகாது. ஒவ்வோர் இலக்குக்கும் பக்கத்தில் அதன் காரணத்தை எழுதிவிட வேண்டும். காரணம் உதிர்ந்திருந்தால் இலக்கையும் மனம் வருந்தாமல் விட்டுவிடலாம். காரணம் அப்படியே இருக்க, இலக்கு மட்டும் கைவிடப்பட்டிருந்தால், அங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்தை நிரப்புவதற்காக அன்று நான் சில வெற்று வரிகளை எழுதியிருந்தேன். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது ஆண்டு பாக்கி. இன்று காலை அம்மா நாளிதழை எழுத்துக்கூட்டிப் படித்து எனக்கு ராசிபலன் சொன்னார், 'வீண் அலைச்சல்' என்று இருந்ததாம். இலக்குகளை ஒருமுறைதான் படித்தேன். இந்த வரிகளை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. சாதாரண நாள்களின் பதிவுகளைப் பின்னாளில் திரும்பப் பார்ப்பதில் கிடைக்கும் ஆர்வத்தை மனிதர்கள் முன்கூட்டியே குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று 2014-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எழுதினர். அது உண்மை என்பதற்கு என்னிடம் ஒரு நீலநிறத் தாள் இருக்கிறது.

ஆகவே, இதை முயல விரும்புவோருக்கு என் அனுபவத்திலிருந்து சில பரிந்துரைகள். முதல் பாதியை இன்றைய செய்திகளுக்கே ஒதுக்குங்கள்: வீட்டில் யார் யார், யாருக்கு என்ன உடல்நலம், காய்கறி என்ன விலை, எதை நினைத்து அஞ்சுகிறீர்கள் என்பவற்றையெல்லாம் எழுதுங்கள். அண்மையில் எடுத்த ஒரு பெரிய முடிவையும் அதற்கான காரணத்தையும், அது எப்படி முடியும் என்ற உங்கள் கணிப்பையும் எழுதுங்கள். இலக்குகள் மூன்றுக்கு மேல் வேண்டா. ஒவ்வொன்றுக்கும் காரணம், தேதி, எதிர்பார்க்கும் தடை ஆகிய மூன்றையும் சேருங்கள். பிறரைச் சார்ந்த இலக்கு என்றால், குறிப்பாக முதியவர்களைச் சார்ந்தது என்றால், அதைக் கடிதத்தில் எழுதாதீர்கள். அந்த வாரமே செய்துவிடுங்கள். முதல் கடிதத்துக்கு ஓராண்டு இடைவெளி போதும். மின்னஞ்சலாக எழுதி, குறித்த நாளில் நமக்கே அனுப்பிவைக்கும் இணையச் சேவைகள் உள்ளன. ஆயினும் மின்னஞ்சல் முகவரிகள் மாறிவிடும். வீட்டின் முக்கிய ஆவணங்களோடு வைத்த தாள் அவ்வளவு எளிதில் தொலையாது.

கடிதத்தைப் பிரித்த அந்த வாரம் சென்னையில் வசிக்கும் என் அக்காவை அழைத்து, நெல்லை விரைவு வண்டியில் இரண்டு இருக்கைகளுக்கு முன்பதிவு செய்தேன். மே மாதத்தில் போய்வந்தோம். அம்மா பிறந்த வீடு கைமாறி, இடித்துக் கட்டப்பட்டிருந்தது. படித்துறை மட்டும் இருந்தது. அக்கா நெடுநேரம் அதில் கால் நனைத்தபடி உட்கார்ந்திருந்தார். இது அம்மாவுக்குச் செய்ததாகாது என்பதை இருவருமே அறிவோம்; அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

திரும்பி வந்ததும் அடுத்த கடிதத்தை எழுதினேன். 2029-இல் பிரிக்க வேண்டியது. படித்துறையையும், அன்று ஓடிய தண்ணீரின் அளவையும், முழங்கால் வலி பற்றி நான் உறவினர்களிடம் சொன்னதையும் அதில் எழுதியிருக்கிறேன். பெறுநர் இடத்தில் இம்முறை என் பெயருக்குக் கீழே மகளின் பெயரையும் சேர்த்திருக்கிறேன்.