பால்மரம் வந்த வழி

சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு 1888-ல் பொறுப்பேற்று வந்த ஹென்றி ரிட்லிக்கு, மலாயாவின் தோட்டத் துரைமார் வைத்த பெயர் ‘பைத்தியக்கார ரிட்லி’. பார்க்கிறவர்களிடமெல்லாம் ரப்பர் நடச் சொல்வார். விதைகளைச் சட்டைப்பையில் திணித்தும் அனுப்புவார். காப்பியில் காசு பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தொல்லையாகத்தான் இருந்தது.

செடிகொடி வளர்க்கும் அதிகாரி வியாபாரத்தில் ஏன் தலையிட்டார்? அதுதான் அவர் வேலை.

தாவரவியல் தோட்டங்கள் உலாவுவதற்காகத் தோன்றியவை அல்ல. இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகம் 1545-ல் தோட்டம் அமைத்தது, மருத்துவ மாணவர்கள் மூலிகைகளை நேரில் பார்த்து அடையாளம் கண்டுகொள்வதற்காக. அபூர்வ மூலிகைகளுக்கு நல்ல விலை இருந்ததால் திருட்டும் நடந்தது. சுற்றிலும் வட்ட மதில் எழுப்பினார்கள். பிறகு ஐரோப்பியருக்குக் கப்பலும் காலனியும் வாய்த்தன. ஒரு கண்டத்துச் செடியை இன்னொரு கண்டத்தில் பயிராக்கிப் பார்க்கும் களமாகத் தோட்டங்கள் மாறின. கிழக்கிந்தியக் கம்பெனி 1787-ல் கல்கத்தாவில் தோட்டம் போட்டதும், தென்னமெரிக்கச் சின்கோனா கொய்னா மருந்துக்காக நீலகிரிக்கு வந்ததும் இந்தக் கணக்கில்தான். லண்டனில் உள்ள கியூ தோட்டம்தான் இதற்கெல்லாம் தலைமையகம்.

ரப்பர் கதையும் கியூ வழியாகவே வந்தது. 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளைக் கொண்டுவந்து சேர்த்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தவை வெறும் 22 கன்றுகள். விக்காம் செய்தது திருட்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பிரேசில் மட்டும் தன் ரப்பர் ஆதிக்கத்தை இழந்தது.

கன்று இருந்தால் போதுமா? பால் எடுக்கும் முறை வேண்டுமே. அமேசான் காட்டில் கோடரியால் கொத்துவார்கள், மரம் புண்ணாகும். ரிட்லி பட்டையை மெல்லியதாகச் சீவிப் பார்த்தார். அதே வெட்டுவாயை மறுபடி மறுபடி சீவச் சீவப் பால் கூடியது, மரமும் பிழைத்தது. அவர் கண்டுபிடிப்புகளில் இதற்கு ஈடு வேறில்லை. 1896-ல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீன வணிகர் துணிந்து பெரிய அளவில் நட்டார். காப்பி விலை சரிந்தது, மோட்டார் காருக்கு டயர் தேவைப்பட்டது, ரிட்லியின் பைத்தியம் தெளிந்துவிட்டதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்!

சீவுவதற்கு ஆள் வேண்டும். ஆள் சேர்க்கும் கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களுக்கு வந்தார்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, குளிர்ச்சி இருக்கும்போதே மரம் சீவி, மங்கு என்ற கிண்ணத்தில் வடிந்த பாலைச் சேர்த்துச் சுமந்தது பெரும்பாலும் தமிழ்க் கைகள். ‘பால்மரம்’ என்ற பெயரும் அவர்கள் வாயில் வழங்கியதே. ஒரு தோட்டத்தின் சோதனை, கடல் கடந்து ஒரு சமூகத்தையே குடிபெயர்த்தது. சிங்கப்பூர்த் தோட்டத்தை யுனெஸ்கோ 2015-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அதன் ரப்பர் ஆராய்ச்சியும் கணக்கில் வந்தது.

இன்று விக்காம் மாதிரி விதை அள்ளிக்கொண்டு கிளம்ப முடியாது. 1992-ன் பல்லுயிர் உடன்படிக்கை, உயிர்வளம் அந்தந்த நாட்டுக்கே உரியது என்கிறது. தோட்டங்களின் வேலையும் திரும்பியிருக்கிறது: அழியும் இனங்களைக் காப்பது. இந்தியப் பெருங்கடலின் ரோட்ரிக்ஸ் தீவில் ‘கஃபே மரோன்’ என்ற காட்டுச் செடி அற்றுப்போனதாக நினைத்திருந்தார்கள். 1980 வாக்கில் ஒரு பள்ளிச் சிறுவன் ஒற்றைச் செடியைக் கண்டுபிடித்தான். அதன் குச்சிகள் கியூவுக்குப் போய் வேர்விட்டன. பூத்தன, ஆனால் பல ஆண்டுகள் காய்க்கவில்லை. கைமுறை மகரந்தச் சேர்க்கையில் விடாமல் முயன்று கடைசியில் விதை எடுத்தார்கள். அந்த விதையில் வந்த வாரிசுகள் ரோட்ரிக்ஸுக்கே திரும்பிப் போயின.