அளவறிந்து ஊட்டல்

உயிர்களை வளர்ப்போர் முதற்கண் அறியவேண்டுவது, அவற்றிற்கு எதனை, எவ்வளவு, எப்பொழுது உண்ணக் கொடுப்பது என்பதாகும். பசுவிற்கு இடும் புல்லும் கிளிக்கு வைக்கும் பழமும் சிறிது மிகுந்தாலும் பெருந்தீங்கு நேர்வதில்லை. அவை வேண்டிய அளவு உண்டு, எஞ்சியதை விட்டுவிடும். பாம்பின் இயல்பு வேறு. பாம்புகள் பொதுவாக இரையைத் துண்டாக்கவோ மெல்லவோ வல்லன அல்ல; அதனை முழுமையாகவே விழுங்குவன. பாதி உண்டு மீதி வைக்க அவற்றால் இயலாது. ஆதலின் வளர்ப்புப் பாம்பைப் பொறுத்தவரை, அளவறியும் கடமை ஊட்டுவோரையே சார்கின்றது.

அமெரிக்க நாட்டில் வீடுகளில் பாம்பு வளர்ப்போர் பலர். அவர்கள் பெரிதும் விரும்பி வளர்ப்பவற்றுள் ஒன்று சோளப்பாம்பு. அந்நாட்டின் தென்கிழக்குப் பகுதி அதன் தாயகம். மக்காச்சோளக் களஞ்சியங்களுக்கு எலி தேடி வருவதால் இப்பெயர் பெற்றது என்பர் சிலர். வயிற்றுப்புறத்துக் கட்டங்கள் பலநிற மக்காச்சோள மணிகளை ஒத்திருப்பதால் பெற்றது என்பர் வேறு சிலர். இது நஞ்சற்றது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்வது. முட்டையினின்று வெளிவரும் குட்டி ஏறத்தாழ 10 அங்குல நீளமே உடையது, எழுதுகோலினும் மெலிந்தது. வளர்ந்தபின் 3 முதல் 5 அடி வரை நீளும்.

பாம்பு தன் தலையினும் பருத்த இரையை விழுங்குவதைக் காண்போர், அதன் தாடை கழன்றுவிடுவதாக எண்ணுவர். அது பிழையான கருத்து. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்புறத்தில் எலும்பால் ஒட்டாமல், நீண்டு கொடுக்கும் நாரால் பிணைந்துள்ளன. தாடையைத் தலையோட்டுடன் சேர்க்கும் எலும்புகளும் எளிதில் அசைவன. ஆகவே வாய் மிக அகலமாக விரிகின்றது. உள்நோக்கி வளைந்த பற்கள் இரையைப் பற்றிக்கொள்ள, வாயின் வலப்புறமும் இடப்புறமும் மாறிமாறி முன்னேறுகின்றன. இரை உள்ளே செல்வதாகத் தோன்றினும், பாம்பே இரையின்மேல் ஊர்ந்து செல்கின்றது எனலாம். அவ்வமயம் மூச்சு அடைபடாதவாறு மூச்சுக்குழலின் வாய் முன்னே நீண்டு நிற்கும்.

எனினும் வாய் ஏற்பதையெல்லாம் வயிறு ஏற்பதில்லை. 2005 ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தின் எவர்கிளேட்சு சதுப்பு நிலத்தில், 13 அடி நீளமுள்ள பர்மிய மலைப்பாம்பு ஒன்று உடல் பிளந்து மாண்டு கிடந்தது. அது விழுங்கிய 6 அடி முதலையும் அதனுடனே மாண்டு கிடந்தது. உடல் பிளந்த காரணம் பற்றி அறிஞர்கள் வேறுபடினும், அக்காட்சி உலகோரைத் திகைக்கச் செய்தது.

சிறு குட்டிக்கு வரும் கேடு இவ்வாறு வெளிப்படையாகத் தெரிவதில்லை. இரை மிகப் பெரிதாயின், செரிமான நீர் அதன் உட்பகுதியை அடையுமுன்னரே அது அழுகத் தொடங்கும். பாம்பு அதனைக் கக்கிவிடும். கக்கும்பொழுது வயிற்றின் அமிலம் உணவுக்குழலைப் புண்படுத்தும். உடலின் நீரும் வீணாகும். சில கிராம் எடையே உள்ள குட்டி அடுத்தடுத்துக் கக்குமாயின் பிழைத்தல் அரிது. அதனை விரைவில் பெரிதாக்க விரும்பிய வளர்ப்பவரின் ஆசையே அதன் உயிருக்குப் பகையாகிவிடும்.

இதனைத் தவிர்க்க இரண்டு அளவைகள் உள்ளன. ஒன்று பருமன். பாம்பின் உடலில் மிகப் பருத்த இடம் எவ்வளவோ, இரையின் பருமனும் அவ்வளவே இருத்தல் நன்று. மிகினும் ஒன்றரை மடங்கைத் தாண்டலாகாது. மற்றொன்று எடை. பாம்பின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இரை இருக்கலாம். 10 கிராம் எடையுள்ள குட்டிக்கு 1 முதல் ஒன்றரை கிராம் போதும். அன்று பிறந்த, மயிர் முளையாத சுண்டெலிக் குஞ்சு ஒன்றின் எடை ஏறத்தாழ அவ்வளவே. குட்டி வளர வளர, மயிர் முளைத்த எலிக்குஞ்சு, இளம் எலி, வளர்ந்த சுண்டெலி என இரையும் படிப்படியாக வளரவேண்டும்.

தேர்ந்த அளவு சரிதானா என்பதைப் பாம்பின் உடலே காட்டும். உண்டபின் சிறு புடைப்புத் தோன்றி ஓரிரு நாளில் மறைந்தால் அளவு பொருத்தமானது. புடைப்பே தோன்றாவிடின் இரை சிறிது. தொடர்ந்து அவ்வாறு கொடுத்தால் குட்டி மெலியும். தோல் விரிந்து செதில்கள் விலகித் தோன்றினால் இரை பெரிது.

ஊட்டும் காலமும் கருதத்தக்கது. முட்டையினின்று வந்த குட்டி பொதுவாக முதன்முறை தோலுரித்த பின்னரே இரை கொள்ளும். அதுவரை மஞ்சட்கருவின் ஊட்டமே அதற்குப் போதும். பின்னர் 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை இரை கொடுப்பர். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ளாது. ஆகவே செரிப்பதற்காகக் கூண்டின் ஒருபுறத்தை ஏறத்தாழ 30 செல்சியசு பாகை வெப்பத்தில் வைப்பர். உண்ட பாம்பை இரண்டு நாள் கையில் எடுக்கமாட்டார்கள். உயிருள்ள எலி திருப்பிக் கடித்துப் பாம்பைப் புண்படுத்தும். அதனால், கொன்று பனிப்பெட்டியில் வைத்த எலியை உறைநிலை நீக்கி, வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி அளிப்பர். பாம்பு இரையைக் கக்கிவிட்டால், இரங்கி உடனே மீண்டும் ஊட்டுதல் தகாது. நீர் மட்டும் வைத்து, பத்து நாளேனும் பொறுத்து, முன்னையினும் சிறிய இரையைத் தருதல் வேண்டும்.

நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்த்தல், 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆயினும் சோளப்பாம்பின் குட்டி உணர்த்தும் உண்மை, உயிர் வளர்க்கும் அனைவர்க்கும் பொதுவானது. தனக்கு எவ்வளவு வேண்டும் என்று வாய் திறந்து சொல்ல இயலாத உயிருக்கு, அளவறிந்து ஊட்டும் கையே அன்புடைய கையாகும்.